தேன் பூண்டு இறால்: சாஸ் தண்ணியாகாமல், இறால் ரப்பராகாமல் 25 நிமிடத்தில்

வேலை முடிந்து வந்து ஏழரை மணிக்கு மேல் அடுப்பைப் பற்ற வைப்பவர்களுக்கு இறால் அளவுக்குக் கைகொடுக்கும் அசைவம் வேறில்லை. சூடான கடாயில் மூன்று நிமிடம் போதும், வெந்துவிடும். அந்த மூன்று நிமிடம் ஆறு நிமிடமாகும்போதுதான் சிக்கல்.

தேன் பூண்டு இறாலில் எல்லோரும் சொல்லும் குறைகள் இரண்டு. ஒன்று, சாஸ் பளபளப்பாக இறாலில் ஒட்டாமல் அடியில் குளம் கட்டி நிற்கிறது. இன்னொன்று, இறால் கடிக்க முடியாமல் இறுகிப்போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பச்சை இறாலையும் சாஸையும் ஒன்றாகக் கடாயில் கொட்டுவது. வேகும்போது இறால் தண்ணீர் விடும், அதில் சாஸ் நீர்த்துப்போகும். சாஸ் கெட்டியாகட்டும் என்று நாம் காத்திருப்போம், அதற்குள் இறால் வெந்து, தாண்டியும் போய்விடும். ஆகவே இறால் தனி, சாஸ் தனி. கடைசி அரை நிமிடம் மட்டும் இரண்டும் சேர வேண்டும்.

தேவையானவை (3 பேருக்கு)

- சுத்தம் செய்த இறால் 400 கிராம்
- தேன் 2 டேபிள்ஸ்பூன்
- லைட் சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன்
- தண்ணீர் 2 டேபிள்ஸ்பூன்
- பூண்டு 7 அல்லது 8 பல், கத்தியால் பொடியாக நறுக்கியது
- இஞ்சி, துருவியது 1 டீஸ்பூன்
- சில்லி ஃப்ளேக்ஸ் 1 டீஸ்பூன் (காய்ந்த மிளகாயை ஒன்றிரண்டாக இடித்தும் போடலாம்)
- எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன்
- ரீஃபைண்ட் கடலை எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன்
- கார்ன்ஃப்ளார் 2 டீஸ்பூன்
- சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன்
- வெங்காயத்தாள், வறுத்த எள், கொஞ்சம் வெண்ணெய் (விருப்பம்)

சாஸுக்குத் தனியாக உப்பு கிடையாது. சோயா சாஸிலேயே தேவையான உப்பு இருக்கிறது, சுண்டும்போது அது இன்னும் கூடும். வீட்டில் டார்க் சோயா சாஸ் மட்டும் இருந்தால் 1 டேபிள்ஸ்பூனோடு நிறுத்தி, தண்ணீரை ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள். இல்லையென்றால் நிறம் கறுத்து, இறால் தீய்ந்ததுபோல் தெரியும்.

எந்த இறால்?

இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது பண்ணையில் வளர்த்த வனாமி. இந்தச் செய்முறைக்கு அது தாராளமாகப் போதும். தலையோடு கிலோவுக்கு 40 முதல் 50 எண்ணம் நிற்கும் அளவைக் கேட்டு வாங்குங்கள். அதைவிடப் பொடி இறால் தொக்குக்கு அருமையாக இருக்கும். இங்கே நிறம் பிடிப்பதற்குள் அதிகமாக வெந்துவிடும். தலையும் ஓடும் போனால் எடையில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும், எனவே 400 கிராம் வேண்டுமென்றால் 800 கிராமுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். கடையிலேயே சுத்தம் செய்யச் சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன 25 நிமிடம் சுத்தம் செய்த இறாலுக்கான கணக்கு. பழக்கமில்லாதவர் ஓடு உரிக்க உட்கார்ந்தால் அதற்கே இன்னொரு 20 நிமிடம் போகும்.

உறைந்த பாக்கெட் என்றால் முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. மறந்துவிட்டால், பையில் காற்றுப் புகாமல் கட்டி, குழாய்த் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் மூழ்க வைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம்; உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே வெளிப்புறம் வேக ஆரம்பித்துவிடும். பாக்கெட்டின் பின்னால் ஐஎன்எஸ் 451 அல்லது 452 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அவை இறாலில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் உப்புகள். இருந்தால், கீழே வரும் சோடா உப்புப் படியைத் தவிர்த்துவிடுங்கள்.

1. முதலில் சாதம்

அரிசியைக் களைந்து குக்கரை ஏற்றிவிட்டுத்தான் இறாலைத் தொட வேண்டும். இறால் காத்திருந்தால் ஆறும், மறுபடி சூடாக்கினால் இறுகும். சாதம் காத்திருக்கலாம்.

2. நரம்பும் கழுவலும்

முதுகின் கறுப்பு நரம்பு இறாலின் குடல். எடுக்காவிட்டால் வாயில் மண் கடிக்கும். முதுகைக் கீற வேண்டியதில்லை. இரண்டாவது கணுவுக்கு அடியில் ஒரு பல்குத்தும் குச்சியைக் குறுக்கே நுழைத்து மெதுவாக மேலே தூக்கினால் முழு நீளமும் வந்துவிடும். மஞ்சள்தூள் போட்டுக் கழுவுகிறவர்கள் கடைசியாக ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள். மஞ்சள் தங்கினால் சாஸின் செம்பழுப்பு நிறம் மங்கிவிடும்.

3. சோடாவும் உப்பும்

தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, கால் டீஸ்பூன் சமையல் சோடா, கால் டீஸ்பூன் உப்பு தூவிப் பிசறி, ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வையுங்கள். சோடாவின் காரத்தன்மையால் இறாலின் புரதம் சூட்டில் அவ்வளவாக இறுகாது. உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். அரை நிமிடம் கூடுதலாக வெந்தாலும் மன்னிக்கும் இறாலாக அது மாறிவிடும். அளவு கூடினால் சோப்பு வாடை வரும், ஆகவே கண்ணளவாகப் போடாமல் ஸ்பூனால் அளந்து போடுங்கள்.

எலுமிச்சையை இந்த இடத்தில் சேர்க்க வேண்டாம். புளிப்பு பட்டால் அடுப்பில் ஏறும் முன்பே இறாலின் மேல்பகுதி வெளுத்து இறுக ஆரம்பிக்கும். தேனும் இப்போது வேண்டாம். தேனில் ஊறிய இறாலைச் சூடான கடாயில் போட்டால், இறால் நிறம் பிடிப்பதற்கு முன்னால் தேன் கருகிவிடும்.

இந்த 15 நிமிடத்தில் பூண்டு, இஞ்சியைத் தயார் செய்து, தேன், சோயா, தண்ணீரை ஒரு கிண்ணத்தில் நன்றாகக் கலந்து அடுப்பின் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இறால் கடாயில் இருக்கும்போது தேன் பாட்டிலைத் தேட நேரம் இருக்காது.

4. ஈரத்தை ஒற்றி எடுத்தல்

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இது. இறாலை ஒரு தட்டில் பரப்பி, டிஷ்யூ பேப்பராலோ சுத்தமான பருத்தித் துணியாலோ இரண்டு பக்கமும் அழுத்தி ஒற்றுங்கள். விரலால் தொட்டால் வழவழப்பாக இருக்கலாம், தண்ணீர் ஒட்டக்கூடாது. ஈரமான இறால் கடாயில் விழுந்ததும் வரும் நீராவி சூட்டை முழுவதும் தின்றுவிடும். பிறகு இறால் வறுபடாது, அவியும்.

ஒற்றியபின் கார்ன்ஃப்ளாரைத் தூவிக் கையால் லேசாகப் புரட்டுங்கள். மாவுப் பூச்சு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேண்டாம். மிச்ச ஈரத்தை மாவு உறிஞ்சும், பிறகு சாஸ் பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பையும் தரும். வேண்டியது வெள்ளையான ஸ்டார்ச். மஞ்சள் நிற மக்காச்சோள மாவைப் போட்டால் மணல்போல் நெறுநெறுக்கும்.

5. வறுத்தல்

அகலமான கடாயைப் பெரிய பர்னரில் வைத்து, நன்றாகச் சூடானபின் எண்ணெய் ஊற்றுங்கள். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும், இதற்கு ரீஃபைண்ட்தான் ஏற்றது. இறாலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். 400 கிராமையும் 28 செ.மீ. கடாய் ஒரே முறையில் தாங்கும். அதைவிடச் சின்னது என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள்.

போட்டபின் கிளறாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே விட்டு, அடிப்பக்கம் சிவந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பி, இன்னும் முக்கால் நிமிடம். பிறை போல் வளைந்து, நடுவில் மட்டும் லேசாகக் கண்ணாடித்தன்மை தெரியும்போதே தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். முழு வளையமாகச் சுருண்டுவிட்டால் பதம் தாண்டிவிட்டது. முழுதாக வேகாமல் எடுக்கிறோமே என்று தயங்க வேண்டாம். தட்டில் உள்ளிருக்கும் சூட்டிலேயே கொஞ்சம் வேகும், மீதி சாஸில் வேகும்.

6. சாஸ் சுண்டுதல்

அதே கடாய், கழுவ வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புதான் ருசி. தீயைக் குறைத்து அரை நிமிடம் பொறுங்கள். இறால் வறுத்த சூட்டில் பூண்டைப் போட்டால் உடனே கருகும், கருகிய பூண்டின் கசப்பை எவ்வளவு தேனாலும் மறைக்க முடியாது. சூடு இறங்கியபின் பூண்டு, இஞ்சி, மிளகாயைப் போட்டு, வாசனை வரும்வரை 20, 30 விநாடி மட்டும் வதக்குங்கள். பாட்டில் இஞ்சிபூண்டு விழுதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள தண்ணீரால் தெறிக்கும், அடிபிடிக்கும், உப்பும் கூடும்.

இப்போது கலவையை ஊற்றி மிதமான தீயில் கொதிக்கவிடுங்கள். முதலில் பொடிப்பொடியாக நுரைத்துக்கொண்டு வேகமாகக் கொதிக்கும். இது தண்ணீர் ஆவியாகும் நேரம். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு குமிழ்கள் பெரிதாகி, பளபளத்து, மெதுவாக உடையும். கரண்டியால் கடாயின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். ஒன்றிரண்டு விநாடி கோடு நின்று, பிறகு மூடினால் அதுதான் பதம். அளவு ஏறக்குறைய பாதியாகியிருக்கும்.

“இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்” என்று நினைக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். தேன் சூட்டில் இளகியும், ஆறியபின் இறுகியும் இருக்கும். கடாயிலேயே ஜாம் பதத்துக்குக் கொண்டுபோனால் தட்டில் மிட்டாய்ப் பாகாகிப் பல்லில் ஒட்டும். தாண்டிவிட்டால் ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீர் விட்டு இளக்குங்கள்.

7. சேர்த்தல்

இறாலைக் கொட்டுங்கள். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கடாயில் ஊற்றிவிடாதீர்கள், இவ்வளவு நேரம் சுண்டியது வீணாகும். அதைச் சாதத்தில் விட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்ல மாட்டேன். முழுதாக வேகாத இறாலின் நீர் அது, கொட்டிவிடுங்கள். 30, 40 விநாடி புரட்டி, நடுவிலிருந்த கண்ணாடித்தன்மை மறைந்ததும் அடுப்பை அணையுங்கள். அணைத்தபின் எலுமிச்சைச் சாறும் ஒரு டீஸ்பூன் வெண்ணெயும். எலுமிச்சை மணம் கொதியில் நிற்காது. வெண்ணெய் பளபளப்பைக் கூட்டும். வெங்காயத்தாள், எள் தூவி உடனே பரிமாறுங்கள்.

கடாய் பற்றி

எவர்சில்வரில் அடி கனமான கடாய்தான் என் முதல் தேர்வு. அடியில் பழுப்பு பிடிக்கும், சோயாவும் எலுமிச்சையும் அதை ஒன்றும் செய்யாது. வார்ப்பிரும்புக் கடாய் வறுப்பதற்கு இதைவிட நன்றாக இருக்கும், ஆனால் புளிப்பான சாஸ் அதிக நேரம் இருந்தால் பழக்கியெடுத்த எண்ணெய்ப் பூச்சு போய்விடும், ஆகவே எலுமிச்சையைப் பரிமாறும் தட்டில் பிழியுங்கள். நான்ஸ்டிக்கைக் காலியாகப் பெருந்தீயில் வைக்கக்கூடாது. அதில் செய்தே ஆகவேண்டும் என்றால் எண்ணெயோடு மிதமான தீயில் வையுங்கள், சிவப்பு குறைவாகத்தான் வரும். அலுமினியத்தைத் தவிருங்கள்.

கேள்விகள் வந்தபின் சேர்த்தவை

இண்டக்‌ஷன் அடுப்பில்: வறுக்க 1600 வாட், சாஸுக்கு 800 வாட். வாட்டைக் குறைத்தாலும் கடாயின் சூடு உடனே இறங்காது, ஆகவே பூண்டுக்கு முன் ஒரு நிமிடம் இறக்கி வையுங்கள்.

சாதத்தோடு பிசைய சாஸ் போதவில்லை என்றால்: சுண்டாமல் விட்டு அளவைக் கூட்டப் பார்க்காதீர்கள். தேன், சோயா, தண்ணீர் மூன்றையும் ஒன்றரை மடங்காக்கி, அதே பதத்துக்குச் சுண்டவையுங்கள், ஒரு நிமிடம் கூடுதலாகும்.

நல்லெண்ணெயில் செய்யலாமா: நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. சீன, கொரியச் சமையலில் கடைசியில் சொட்டும் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. அந்த மணம் நல்லெண்ணெயில் வராது. எள்ளை வறுத்துத் தூவினால் அந்த மணம் ஓரளவு கிடைக்கும்.

தேனுக்குப் பதிலாகக் கருப்பட்டி: நன்றாக வரும். 2 டேபிள்ஸ்பூன் தூளைச் சாஸுக்கான தண்ணீரிலேயே கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும். நிறம் கறுப்பாக இருக்கும், அரை டீஸ்பூன் எலுமிச்சை கூட்டுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் ஊட்டக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் இந்தச் சூட்டில் அழியாது.

மீந்தால்: ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் இறுகிவிடும். மூடிய கடாயில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, சிறு தீயில் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். முட்டை போட்டுப் பழைய சாதத்தை வறுப்பதாக இருந்தால், இறாலைப் பொடியாக நறுக்கிக் கடைசி நிமிடத்தில் சேருங்கள்.