தவக்களைய ரேடியோவுல சிரிக்க வைக்கணும்: பாட்டு நாடகம் போட்ட கதை

ரேடியோவுக்கு பாட்டு நாடகம் எழுதப் போறீங்கன்னா மொதல்ல கதைய யாரையாவது வாசிக்க சொல்லிட்டு கண்ண மூடி கேளுங்க, எங்க புரியாம முழிக்கிறீங்களோ அங்கதான் பாட்டு வேணும். நாங்க கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் பக்கம் பிள்ளைங்கள வச்சு 15 நிமிஷத்துக்கு ஒண்ணு செஞ்சோம். கதை ஆஸ்திரேலியா பூர்வகுடிகளோடது, டிட்டாலிக்னு ஒரு தவக்களை தாகம் அடங்காம ஆறு குளம் எல்லாத்தையும் குடிச்சு தீத்துட்டு வீங்கிப்போய் உக்காந்திருக்கு, அத சிரிக்க வச்சாதான் வாயிலருந்து வெள்ளம் வரும். குக்கபரா கதை சொல்லுது (நம்ம மீன்கொத்தி இனம்தான், கூவுனா மனுசன் சிரிக்கிற மாதிரியே இருக்கும்), கங்காரு தாவி பாக்குது, ம்ஹூம். கடைசில விலாங்கு நெளிஞ்சு ஆடவும் தவக்களைக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருது.

ஆட்டம் ரேடியோவுல எப்படி தெரியும்? "இதோ விலாங்கு ஆடுகிறது"ன்னு ஒருத்தன பேச வச்சோம், செய்தி வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் வில்லுப்பாட்டு உத்திய எடுத்தோம். பாட்டுக்காரர் ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு வரி, பின்னாடி ஒருத்தன் ஆமா போடணும், ஆனா சிரிப்ப அடக்கிட்டு போடணும்:

வாலு தலைய தேடுது – ஆமா
தலை வாலுக்கு ஓடுது – ஆமா
முடிச்சு விழுந்து போச்சுதே – ஆ...

அந்த "ஆ"வுல உடுக்கை, குடம், ஜால்ரா எல்லாம் டக்குனு நிக்கணும். ரெண்டு செகண்ட் ஒண்ணுமே கேக்கக்கூடாது. அப்புறம்தான் தவக்களை சிரிப்பு.

பல்லவிய ஊர் பேச்சுலயே வைங்க. எங்களுக்கு வெள்ளம்னா குடிக்கிறதும்தான், ஊர அடிச்சிட்டு போறதும்தான், அதனால மொதல்ல "ஒரு செரட்டை வெள்ளம் தா தவக்களே"ன்னு கெஞ்சுன அதே மெட்டுல கடைசில "போதும் தவக்களே வெள்ளம் போதும்"னு அலறுனாங்க, தனியா விளக்கமே தேவைப்படல.

சத்தத்துக்கு காசு செலவழிக்காதீங்க. வறண்ட காட்டுக்கு காஞ்ச பிலா இலைய மிதிச்சா போதும், வெள்ளம் பாயுறதுக்கு சொளவுல அரிசிய சரிச்சு விடுங்க, தவக்களை குடிக்கிறதுக்கு வாய் சின்னதா இருக்க மண்குடத்த தண்ணில அமுக்குங்க, கொளக் கொளக்குனு வரும். ஃபேன ஆஃப் பண்ணுங்க, ரெக்கார்ட் பண்ற ஃபோன ஒரு சாண் தள்ளி வைங்க. நாங்க சாயங்காலம் எடுத்தது முழுக்க தெரு மைக் செட் சத்தம் விழுந்து வேஸ்ட், ராத்திரி பத்து மணிக்கு மேல திரும்ப எடுத்தோம்.

ஆஸ்திரேலியான்னதும் டிட்ஜெரிடூவ டவுன்லோடு பண்ணி ஒட்டாதீங்க. அது வடக்க ஆர்னம் லேண்ட் பக்கத்து வாத்தியம், இந்தக் கதை தென்கிழக்க விக்டோரியாவுல கிப்ஸ்லாந்துல இருக்க குனாய்குர்னாய் மக்களோடது, அந்த ரெண்டு இடமும் நமக்கு நாகர்கோவில் மாதிரி பக்கம் பக்கம் இல்ல. நம்ம உடுக்கைய நம்மளோடதுன்னே வாசிங்க, ஆரம்பத்துலயே கதை யாரோடதுன்னு அவங்க பேர தெளிவா சொல்லிருங்க.

அப்புறம் சிரிப்ப நடிக்க சொல்லாதீங்க, பிள்ளைங்க ஹா ஹான்னு எழுத்துக்கூட்டி வாசிக்கும். ரிகர்சல்லருந்தே ரெக்கார்டிங்க ஓடவிட்டு வைங்க. ஒருத்தன் குடத்த தட்டி விட்டு பாய் பூரா நனைஞ்சப்போ எல்லாம் சேந்து சிரிச்சுதுங்க பாருங்க, அதத்தான் அப்படியே வெட்டி தவக்களைக்கு வச்சோம்.