1866ஆம் ஆண்டுக் கையேட்டைப் பார்த்துச் செப்புத் தகட்டில் எட்சிங் செய்வது எப்படி?

எட்சிங் என்பது மெழுகு பூசிய உலோகத் தகட்டில் ஊசியால் வரைந்து, அந்தக் கோடுகளை அமிலத்தால் அரித்து, மையிட்டு அச்செடுக்கும் கலை. அதைப் பழக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் புத்தகம், மாக்சிம் லாலான் 1866இல் பாரிஸில் எழுதி வெளியிட்ட கையேடுதான். பதிப்பித்தவர் கதார். பிரெஞ்சு ஓவியர் மானே உறுப்பினராக இருந்த எட்சிங் ஓவியர் சங்கத்தை 1862இல் தொடங்கிவைத்தவரும் இவரே. கோலர் 1880இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருப்பதால் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மாற்றிவிடுங்கள். லாலான் பயன்படுத்தியது நைட்ரிக் அமிலம். அதிலிருந்து வரும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும், வீட்டில் வேண்டவே வேண்டாம். பதிலுக்கு, செம்பை அரிக்கும் இரும்பு உப்பான ஃபெரிக் குளோரைடு போதும். சர்க்யூட் போர்டு செய்பவர்கள் வாங்குவதால் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும். தூளாக வாங்கினால் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நன்றாகச் சூடேறும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

செப்புத் தகடு 1 மி.மீ. தடிமன் இருக்கட்டும். நான்கு விளிம்பையும் அரத்தால் சரிவாக ராவுங்கள், இல்லையென்றால் அச்சிடும்போது தாள் கிழியும்.

அடுத்தது எண்ணெய்ப் பசை எடுப்பது. பலருக்கும் தகடு கெடுவது இந்த இடத்தில்தான். உப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்தால் கறை போகும், பசை போகாது. அதன்பிறகு சாக்குத்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே படலமாக நிற்க வேண்டும். எங்காவது விலகிச் சொட்டாகத் திரண்டால் அங்கே பசை இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டியதுதான். சுத்தமான பின் விரல் படக் கூடாது. பசை இருந்த இடத்தில் மெழுகு ஒட்டாமல் உரிந்து, நீங்கள் வரையாத இடத்தையும் அமிலம் அரித்துவிடும்.

பிறகு மெழுகுப் பூச்சு. தேன்மெழுகும் நிலக்கீலும் பிசினும் சேர்ந்த உருண்டை அது. தகட்டைச் சூடாக்கி உருண்டையைத் தேய்த்து மெல்லிய படலமாகப் பரப்புங்கள். லாலான் பட்டு சுற்றிய பஞ்சுப் பொதியால் தட்டுகிறார், நான் ரப்பர் உருளையையே சொல்வேன், சீராக வரும். மெழுகு புகைந்தால் சூடு அதிகம். பூச்சு இளகியிருக்கும்போதே தகட்டைக் கவிழ்த்து, மெழுகுவர்த்தியை அடியில் நகர்த்திக்கொண்டே கரியேற்றுங்கள். அப்போதுதான் ஊசிக் கோடு கறுப்பில் செம்பாகப் பளிச்சென்று தெரியும்.

வரையும்போது மெழுகை விலக்கினால் போதும், செம்பைக் கீற வேண்டாம். எழுத்து வந்தால் இடவலம் மாற்றி எழுதுங்கள். பின்பக்கத்துக்கும் விளிம்புக்கும் வார்னிஷ் பூசிவிடுங்கள்.

இனி அரிப்பு. லாலான் தகட்டைச் சுற்றி மெழுகு வரப்பு கட்டி, மேலே அமிலம் ஊற்றி, குமிழிகளை இறகால் தள்ளுகிறார். ஃபெரிக் குளோரைடில் குமிழி வராது, வண்டல்தான் வரும். தகட்டை மேல்நோக்கி வைத்தால் வண்டல் கோடுகளில் படிந்து அரிப்பு நின்றுவிடும். அதனால் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், அல்லது மூலைகளில் முட்டுக்கொடுத்துக் கவிழ்த்து வையுங்கள்.

நேரம் கணிக்க, அதே பூச்சுள்ள துண்டுத் தகடு ஒன்றில் கோடு போட்டு 5, 10, 20, 40 நிமிடங்களில் பகுதி பகுதியாக வார்னிஷ் பூசி எடுங்கள். அந்தத் துண்டுதான் உங்கள் அளவுகோல். லாலானின் பெரிய பாடமும் இதுதான்: தொலைவு மலையை, வானத்தைச் சீக்கிரம் வார்னிஷால் மூடிவிட்டு, முன்னால் இருக்கும் மரத்தைக் கடைசிவரை அரிக்க விடுவது. ஊசியை எவ்வளவு அழுத்தினாலும் இந்த ஆழம் வராது.

மெழுகை டர்பென்டைனால் துடைத்து, மையைக் கோடுகளுக்குள் தள்ளி, கஞ்சி போட்ட வலைத்துணியால் மேல்மையை எடுங்கள். ஊறவைத்து ஈரம் ஒற்றிய பருத்தித் தாளை வைத்து உருளை இயந்திரத்தில் ஓட்டுங்கள். இயந்திரம் இல்லாதவர்கள் அருகிலுள்ள அச்சோவியப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். லலித் கலா அகாடமியின் சென்னை மையத்தில் ஒன்று இருக்கிறது.

சேர்க்கை: தகட்டைக் கவிழ்த்தும் வண்டல் அடைக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கரைசலில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேருங்கள், வண்டல் கரையும். எடின்பரோ எட்ச் என்று சொல்வது இந்த முறையைத்தான். இன்னொருவர் துத்தநாகத் தகடு போடலாமா என்றார். இந்தக் கரைசலில் வேண்டாம், சூடேறி ஹைட்ரஜன் கிளம்பும். பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதில் செம்பு இருக்கிறது. நுரைப்பது நிற்கும்வரை சலவைச் சோடா போட்டு, அடியில் தங்கும் சேற்றைத் தனியாக உலர்த்தி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.