பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வந்தா முதல்ல டார்ச் எடுக்கறாரா, பம்ப் எடுக்கறாரான்னு பாருங்க

நைட்டு தண்ணி குடிக்க எழுந்து கிச்சன் லைட்ட போட்டா சிங்க்குக்கு கீழ நாலு கரப்பான் ஓடுது, மறுநாள் காலைல முதல்ல கிடைக்கிற நம்பருக்கு போன் அடிச்சு "எவ்ளோ ஆகும்"னு கேக்கறோம். நானும் அதத்தான் பண்ணேன். வந்தவர் எதையும் திறந்து பாக்கல, பம்ப்ப தோள்ல மாட்டிக்கிட்டு எல்லா ரூம்லயும் சுவரோரமா அடிச்சுட்டு காசு வாங்கிட்டு கிளம்பிட்டார், ரெண்டு நாள் செத்த கரப்பான கூட்டித் தள்ளினோம், ஒரு மாசம் கழிச்சு பாத்தா குட்டிக் குட்டியா முன்ன விட ஜாஸ்தி.

காரணம் சிம்பிள்தான். கிச்சன்ல இருக்கற சின்ன பழுப்பு கரப்பான் (கழுத்துக்கிட்ட ரெண்டு கருப்புக் கோடு இருக்கும்) ஒரு முட்டைக்கூட்டுல 30ல இருந்து 40 முட்டை வரைக்கும் வெக்கும், அந்தக் கூட்டுக்குள்ள மருந்து இறங்காது, ஏறக்குறைய ஒரு மாசத்துல பொரிச்சிடும். அதனால ஒரே தடவைல முடிச்சுத் தரேன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. "ரெண்டாவது விசிட் எப்போ, அதுக்கு தனியா காசா"ன்னு போன்லயே கேட்டுடுங்க.

அதுக்கும் முன்னாடி கேக்க வேண்டியது, வந்து பாத்துட்டு விலை சொல்வீங்களா, இல்ல எத்தன ரூம்னு கேட்டு போன்லயே சொல்லிடுவீங்களான்னு. ரூம் கணக்கு மட்டும் கேக்கறவருக்கு உங்க வீட்டுல இருக்கறது என்ன பூச்சின்னே தெரியாது. நல்ல ஆள் வந்ததும் டார்ச் எடுப்பார், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், அலமாரி கீல் இடுக்கு, சிங்க் பைப் சுவருக்குள்ள போற ஓட்டைன்னு ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சுப் பாப்பார், எங்க தண்ணி கசியுதுன்னு கேப்பார். இந்தப் பழுப்பு கரப்பானுக்கு பெரும்பாலும் ஜெல்தான் (விஷம் கலந்த பசை மாதிரி தீனி) நல்லா வேலை செய்யும், புள்ளி புள்ளியா இடுக்குல வெப்பாங்க, அத தின்னுட்டுப் போய் செத்தா அதோட எச்சத்தையும் உடம்பையும் தின்ற மத்ததும் சாகும். ஆனா ஜெல் வெச்ச இடத்துலயே ஸ்ப்ரேவும் அடிச்சா கரப்பான் அந்தப் பக்கமே வராது, ஜெல் வேஸ்ட். ரெண்டும் பண்றேன் டபுள் பாதுகாப்புன்னு யாராவது சொன்னா, எங்க ஜெல் எங்க ஸ்ப்ரேன்னு பிரிச்சு சொல்லச் சொல்லுங்க, சொல்லத் தெரியலன்னா வேற ஆளப் பாருங்க.

கரையான் முழுக்க வேற கதை. சுவர்ல மண் கோடு மாதிரி ஏறுதுன்னா கூட்டமே மண்ணுக்குள்ள இருக்கு, கண்ணுக்குத் தெரியறது வேலைக்காரக் கரையான் மட்டும்தான், அது மேல ஸ்ப்ரே அடிச்சா ராணிக்கு ஒண்ணும் ஆகாது. சுவர் ஓரமா தரைல வரிசையா டிரில் போட்டு மருந்து இறக்குவாங்க, இல்லன்னா மண்ணுல பெய்ட் (விஷம் கலந்த தீனி) வெப்பாங்க. மருந்து ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் மாதிரி கரையானுக்கு வாசனை தெரியாத வகையா இருந்தா நல்லது, தெரியாமலே அத உடம்புல பூசிக்கிட்டுப் போய் மத்ததுக்கும் பரப்பும். டிரில் போடற இடைவெளி, திரும்ப அடைக்கறது யார் பொறுப்பு, வாரண்ட்டில திரும்ப வந்தா மருந்து மட்டும் போடுவாங்களா, அரிச்ச மரத்துக்கும் ஏதாவது தருவாங்களா, எல்லாம் எழுத்துல வாங்குங்க, வாய்ல சொன்னது பின்னாடி கைகொடுக்காது. மண் கோடே இல்லாம மரச்சாமான் கீழ மணல் மாதிரி உருண்டை உருண்டையா கொட்டுதுன்னா அது மரத்துக்குள்ளயே வாழற வகை, அதுக்கு தரைல டிரில் போட்டு பிரயோஜனம் இல்ல.

மூட்டைப்பூச்சிக்கும் ரெண்டு விசிட் வேணும், முட்டை 6ல இருந்து 10 நாள்ல பொரிக்கும்கறதால நடுவுல ரெண்டு வாரம் இடைவெளி கணக்கு. நிறைய இடத்துல பைரித்ராய்டுங்கற வகை பூச்சி மருந்து அதுக்குப் பழகிப் போச்சு, அடிச்சாலும் சாகறதில்ல, அதனால 50 டிகிரிக்கு மேல ரூமையே சூடு பண்ற முறையோ நீராவியோ இருக்கான்னு கேளுங்க.

எலிக்கு விஷம் வெக்கறத விட ஓட்டைய அடைக்கறதுதான் பாதி வேலை, சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். எலி மருந்து தின்ன எலி சில நாள் கழிச்சு எங்கயோ சுவருக்குள்ள போய் செத்தா நாத்தம் தாங்க முடியாது, நாய் பூனை அத தின்னா அதுக்கும் ஆபத்து. ஓட்டை எங்க இருக்குன்னு தேடாம மருந்துக் கட்டிய மட்டும் நீட்டறவர் வேணாம்.

இப்போ ரொம்ப முக்கியமானது. என்ன மருந்து அடிக்கப் போறாங்கன்னு பேர் கேளுங்க, பாட்டில் லேபிள போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, லேபிள் இல்லாத பாட்டில்ல கொண்டு வந்தா உள்ள விடாதீங்க. குழந்தை, கர்ப்பமா இருக்கறவங்க, ஆஸ்துமா உள்ளவங்க வீட்டுல இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பைரித்ராய்டு வகை மீனுக்கு ரொம்ப விஷம், அதுல ஒண்ணான பெர்மெத்ரின் பூனைக்கு ஆகவே ஆகாது, ஆனா வீட்டுல பூனை, மீன் இருக்குன்னு நாம சொன்னாதான் அவங்களுக்குத் தெரியும். நல்ல கம்பெனின்னா "பூனை இருக்கா, மீன் தொட்டி இருக்கா"ன்னு அவங்களே கேப்பாங்க. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வெச்சு கதவ அடைக்கலாம்னு யாராவது சொன்னா அந்த நிமிஷமே வெளிய அனுப்பிடுங்க, அதுல வர்ற பாஸ்பீன் வாயு ஆளையே கொல்லும், பக்கத்து வீட்டுக்கும் பரவும், ஆள் குடியிருக்கிற இடத்துல அத தொடவே கூடாது.

லைசென்ஸ் நிறைய நாடுகள்ல கட்டாயம், நம்பர் வாங்கி செக் பண்ணுங்க. வருஷ கான்ட்ராக்ட்ல உடனே கையெழுத்து போடாதீங்க, முதல் வேலை எப்படி இருக்குன்னு பாத்துட்டு போடலாம்.

வேலை முடிஞ்சதும் சிங்க் கீழ, ஃப்ரிட்ஜ் பின்னாடி, அடுப்புப் பக்கம் மூணு ஒட்டும் அட்டை வெச்சு தேதி எழுதிடுங்க. வாரா வாரம் எண்ணிக்கை குறையுதான்னு பாருங்க, ரெண்டாவது விசிட் வரைக்கும் அந்த அட்டைய தூக்கிப் போடாதீங்க, எந்த அட்டைல அதிகமா ஒட்டியிருக்கோ அந்த மூலைலதான் வர்றவர் முதல்ல டார்ச் அடிக்கணும்.