ஜோர்க்கி 1-ல் பிலிம் மாட்டும் முன் கத்தரிக்கோல் எடுங்கள்

ஜோர்க்கி 1 என்ற பழைய சோவியத் பிலிம் கேமரா கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது பின்கதவை. அப்படி ஒன்று இதில் கிடையாது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் என்ற ஊரில் 1948-லிருந்து 1956 வரை தயாரான இந்த ரேஞ்ச்ஃபைண்டர் (தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்யும் கேமரா), ஜெர்மனியின் லைக்கா 2 கேமராவைப் பார்த்துச் செய்தது. அதனால் இதிலும் அடித்தட்டைக் கழற்றிவிட்டு, கீழே உள்ள ஒரு குறுகலான இடுக்கு வழியாகத்தான் பிலிமை இறக்க வேண்டும். இதே வகை சோவியத் கேமராவான ஃபெட் 1 வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான்.

இன்று கடையில் கிடைக்கும் 35 மி.மீ. ரோலை அப்படியே இதில் போடாதீர்கள். ரோலின் நுனியில் பாதி அகலத்துக்கு வெட்டியிருக்கிற நாக்கு, பின்கதவு திறக்கும் கேமராக்களுக்காகச் செய்தது. இதற்கு அது ரொம்பக் குட்டை. நாக்கு முடிந்து முழு அகலம் தொடங்கும் இடம் உள்ளே போய் ஓரத்தில் இடிக்கும், மடங்கும், பலமாகத் தள்ளினால் கிழியும். கிழிந்த துணுக்கு துணித் திரை ஷட்டருக்குள் சிக்கினால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

அதனால் நாக்கை 10 செ.மீ. நீளத்துக்கு நீட்டி வெட்டுங்கள். ஸ்கேல் இல்லையா? ஓரத்துத் துளைகளை எண்ணுங்கள்: துளைக்குத் துளை 4.75 மி.மீ., ஆக 21 துளை எண்ணினால் கிட்டத்தட்ட 10 செ.மீ. ஏற்கெனவே எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறதோ அதே கோட்டைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டே போய், கடைசியில் மெல்ல வளைத்து வெளி ஓரத்துக்குக் கொண்டுவந்து முடிக்க வேண்டும். அந்த வளைவு இரண்டு துளைகளுக்கு நடுவே வெளியேற வேண்டும், துளைக்குக் குறுக்கே போகக் கூடாது, ஏனென்றால் வெட்டுப்பட்ட துளையிலிருந்துதான் கிழிசல் ஆரம்பிக்கும். நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் இதற்கு அருமையாக இருக்கும். விசிட்டிங் கார்டை உள்ளே செருகி, அதன் மேல் பிலிமை வழுக்கவிட்டு இறக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெட்டுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

சரி, இப்போது நிழலான இடத்தில் உட்கார்ந்து கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, அடித்தட்டின் சாவியைத் திருப்பித் தட்டைக் கழற்றுங்கள். பிலிம் சுற்றிக்கொள்ளும் ஸ்பூல் தனியாக வெளியே வரும். அதில் உள்ள உலோகப் பட்டைக்கு அடியில் நாக்கின் நுனியைச் செருகுங்கள். நாக்கின் நேரான ஓரம், ஸ்பூலின் குமிழ்ப் பக்கத்து விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். இங்கே சாய்ந்தால் பிலிம் கோணலாகச் சுற்றும். இழுத்துப் பார்த்து, நழுவவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் கேசட்டை (பிலிம் ரோல் இருக்கும் டப்பாவை) ஒரு கையிலும் ஸ்பூலை மறு கையிலும் பிடித்து, ரீவைண்ட் குமிழ் (பிலிமைத் திரும்பக் கேசட்டுக்குள் சுற்றும் குமிழ்) இருக்கும் பக்கம் கேசட் வரும்படி இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். பிலிமின் மங்கலான பக்கம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும். சரியாக வெட்டியிருந்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும். தடுத்தால் அழுத்த வேண்டாம், வெளியே எடுத்து வெட்டின இடத்தைப் பாருங்கள். தட்டை மூடுவதற்கு முன், பிலிமை நகர்த்தும் குமிழை மெதுவாகச் சுற்றி, பல்சக்கரத்தின் பற்கள் துளைகளில் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

மூடியதும் செய்ய வேண்டிய சோதனையை யாரும் விட்டுவிடாதீர்கள். ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லத் திருப்பி, தளர்வு போய் லேசாக இறுகியதும் நிறுத்துங்கள். இனி அடுத்த படத்துக்குச் சுற்றும்போது அந்தக் குமிழ் எதிர்த்திசையில் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலவில்லை என்றால் திறந்து மறுபடி மாட்டுங்கள், வேறு வழியில்லை. என் தங்கையின் வளைகாப்பு முழுவதையும் இந்தச் சோதனை செய்யாமல் எடுத்தேன். எண்காட்டி 36 வரை போனது, ஏனென்றால் அது பிலிமை எண்ணுவதில்லை, நாம் சுற்றுவதைத்தான் எண்ணும். கழுவி வந்த சுருளில் கம்பெனி ஓரத்தில் அச்சிட்ட எண்களைத் தவிர எதுவும் இல்லை. பாட்டி அவளுக்கு வளையல் போட்டுவிட்ட படமும் அதோடு போயிற்று. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

குமிழ் சுழல்கிறதா? இரண்டு படம் வெறுமனே சுட்டுத் தள்ளுங்கள், அதெல்லாம் வெளிச்சம் பட்ட பகுதி. பிறகு எண்காட்டியைக் கையால் 0-க்குக் கொண்டுவாருங்கள், இதில் அது தானாகத் திரும்பாது. இன்னொன்று: ஷட்டர் வேகத்தை எப்போதும் பிலிமைச் சுற்றிய பிறகே மாற்றுங்கள். சுற்றாமல் இருக்கும்போது வேகக் குமிழின் எண்கள் சரியான இடத்தில் நிற்காது.

ரோல் முடிந்ததும் தட்டைத் திறக்கும் முன்பே ரீவைண்ட் செய்துவிடுங்கள். ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன நெம்புகோலைத் திருப்பினால் பல்சக்கரம் விடுபடும். ரீவைண்ட் குமிழை அவசரப்படாமல் சுற்றுங்கள், ஒரு இடத்தில் சற்று இறுகி, நாக்கு ஸ்பூலை விட்டு வந்ததும் கை சட்டென்று லேசாகும். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் தட்டைக் கழற்றலாம்.