உங்கள் ஊர் முக்குக்குச் சிக்னலா, ரவுண்டானாவா? மனு எழுதும் முன் பார்க்க வேண்டியவை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த முக்கில் விபத்து நடந்தாலும் அடுத்து வரும் மனு "சிக்னல் வேண்டும்" என்றுதான் இருக்கிறது. சிக்னல் கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் பாதி முக்குகளுக்கு அது தேவையே இல்லை.

முதலில் எண்ணுங்கள். சாதாரண வேலைநாளில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு மணி நேரம் நின்று எந்தப் பக்கமிருந்து எத்தனை வண்டி வருகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று போய் நிற்காதீர்கள், ராமேஸ்வரம் போகிற வேன்களெல்லாம் சேர்ந்து கணக்கையே கெடுத்துவிடும். பஸ்ஸையும் வாலிநோக்கம் பக்கமிருந்து வரும் உப்பு லாரியையும் ஏறத்தாழ மூன்று கார் என்று போடுங்கள். எல்லாப் பக்கமும் சேர்த்து மணிக்கு 3,000 வரை ரவுண்டானா தாங்கும் என்பது சாலை அமைப்பதற்கான விதிகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பின் பழைய கணக்கு. கடலோர முக்குகள் பலவற்றில் அதில் பாதிகூட வராது.

அப்படிக் குறைவாக இருந்தால் ரவுண்டானா கேளுங்கள். நாலு ரோடு கூடுகிற இடத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32, ரவுண்டானாவில் 8 தான். அதைவிட முக்கியம், அங்கே வேகத்தைக் குறைக்காமல் யாரும் தாண்ட முடியாது, மோதினாலும் நேருக்கு நேராக இல்லாமல் சாய்வாகத்தான் படும். சிக்னலோ ராத்திரி மஞ்சள் விளக்கு மினுக்க ஆரம்பித்ததும் வெறும் கம்பம், அதையும் உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருக்கும்.

ஒரே திசையில் வண்டி விடாமல் வந்து, கிளைச் சாலைக்காரர் நுழைய இடைவெளியே கிடைக்காது என்றால் சிக்னல்தான் சரி. பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூட வாசல் என்று நடப்பவர்கள் நிறையக் கடக்கிற இடமும் அப்படியே. உச்சிப்புளி, மண்டபம் மாதிரி ரயில் பாதையை ஒட்டியே சாலை போகும் ஊர்களில் இன்னொன்றும் பாருங்கள்: கேட் மூடினால் வரிசை எதுவரை நிற்கிறது? அது வட்டத்துக்குள் வந்து நின்றால் நாலு பக்கமும் ஒரேயடியாக அடைபடும்.

மனுவில் "ரவுண்டானா வேண்டும்" என்று மட்டும் எழுதினால் ரோட்டு நடுவில் ஒரு சிமெண்ட் தொட்டி வந்து உட்காரும், எல்லோரும் அதை நேர்கோட்டிலேயே உரசிக்கொண்டு போவார்கள். நுழைகிற வண்டி வளைந்தே ஆக வேண்டும், நீள லாரியின் பின்சக்கரம் ஏறி இறங்க நடுமேடை ஓரம் சாய்வாக இருக்க வேண்டும், முன்னாலேயே பலகையும் விளக்கும் வேண்டும் என்று தனித்தனியாக எழுதுங்கள். நடுவில் சிலை மட்டும் வேண்டவே வேண்டாம், மாலை போட வருகிற கூட்டம் ரோட்டைத்தானே கடக்க வேண்டும்!

உள்ளே சுற்றுகிற வண்டிக்கே முன்னுரிமை, அதாவது நுழைகிறவர் வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விட வேண்டும். ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே பாய்கிற டிரைவர்களுக்கு இது தெரிய நுழைவாயிலிலேயே 'வழிவிடு' பலகை கேளுங்கள்.

சாலை ஊராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று விசாரித்துவிட்டு, கிராம சபைத் தீர்மானத்தோடு எண்ணிக்கைத் தாளையும் சேர்த்து, கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். உடனே கட்டச் சொல்லாமல், முதலில் மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கிச் சில வாரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ் எந்த மூலையில் திரும்ப முடியாமல் தடுமாறுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும், மூட்டையை நகர்த்தச் செலவும் கிடையாது.