தீபாவளி உற்சாகம் திரும்பிய விதம்: என் அனுபவம்

அம்மா காலமானதால், வழக்கப்படி 2024இல் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. தலைத்திதி முடிந்த பின் வந்த 2025 அக்டோபர் 20 தீபாவளிக்குத் தடை ஏதும் இல்லாதபோதும், துணி எடுக்கவோ முறுக்குக்கு மாவு அரைக்கவோ எவருக்கும் மனம் வரவில்லை.

பலகாரங்களைக் கடையில் வாங்கி வைத்தேன். பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. வெளியூர் போகலாம் என்றேன், அப்பா மறுத்துவிட்டார்.

பேச்சு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கவனித்தபோதுதான் காரணம் புலப்பட்டது. புத்தாடை, பட்டாசு பற்றியெல்லாம் பேச முடிந்தது. விடியற்காலை எண்ணெய்க் குளியல் என்றதும் அனைவரும் மௌனமாயினர். ஒவ்வொருவர் உச்சந்தலையிலும் எண்ணெய் வைத்தவர் அம்மா. இனி வைப்பவர் யார் என்று கேட்க எவருக்கும் துணிவில்லை. ஆகவே, பண்டிகை முழுவதையும் தூக்கி நிறுத்தும் முயற்சியை விட்டுவிட்டு, அந்த ஒரு வேலையை மட்டும் அத்தையிடம் ஒப்படைத்தேன்.

முதல் நாள் மாலையே வந்த அத்தை, சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றை வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு லேகியம் கிளறினார். வீட்டின் இறுக்கத்தைத் தளர்த்தியது அந்த மணமே என்று உறுதியாக நம்புகிறேன். விடியற்காலையில், மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயுடன் அத்தை அழைத்தபோது, மணையில் முதலில் வந்து அமர்ந்தவர் அப்பாதான். அந்த ஆண்டு முறுக்கு சுடவில்லை; அது எவருக்கும் குறையாகத் தோன்றவில்லை.