பிள்ளை பார்க்கிற செலவில் முதலாளியிடம் பங்கு கேட்பது எப்படி

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பிள்ளைக்காம்பரா என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. காலையில் பிள்ளையை ஆயம்மாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போய், இடையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு, திரும்பவும் கொழுந்துக் கூடையோடு ஏறிய அம்மாக்களின் பிள்ளைகள்தான் நம்மில் பல பேர். அந்தக் காம்பராவுக்கும் ஆயம்மாவின் சம்பளத்துக்கும் செலவழித்தது தோட்டம். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த ஆளுடைய பிள்ளைக்கும் ஒரு வழி செய்ய வேண்டும் என்பது மலைநாட்டில் பல தலைமுறைப் பழக்கம். ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஹட்டன் கடைகளுக்கும் நுவரெலியா ஹோட்டல்களுக்கும் கார்மண்ட் என்கிற ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போனபோது, அந்தப் பழக்கம் மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டது.

அதை டவுனுக்கும் கொண்டுவரலாம். நான் வேலை பார்த்த புடவைக் கடையில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து கேட்டோம், கேட்ட முழுத்தொகையும் கிடைக்காவிட்டாலும் ஒரு பங்கு கிடைத்தது. எப்படிக் கேட்டோம், எதில் சறுக்கினோம் என்பதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். வேலை செய்கிற எல்லோரிடமும், ஆண்களிடமும் சேர்த்து, ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளை, பகலில் யார் பார்க்கிறார்கள், அதற்கு மாதம் என்ன செலவு என்று கேட்டு எழுதுங்கள். "எங்க அம்மா சும்மாதான் பாக்குறாங்க" என்று பாதிப் பேர் சொல்வார்கள், அங்கே நின்று இன்னொரு கேள்வி கேளுங்கள்: அம்மா வேலைக்குப் போயிருந்தால்? 2024இல் தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபா. அம்மாயி பேரனைப் பார்ப்பதற்காகப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, போகாமல் வீட்டில் இருந்தால், மாதத்துக்கு 25 பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) என்று வைத்தாலும் 33,750 ரூபா அந்த வீட்டுக்கு வராமல் போகிறது. டவுனில் மகள் வாங்குகிற சம்பளத்தோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில வீடுகளில் மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், அதற்கு எந்தக் கணக்கில் விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதே கொப்பியின் பின்பக்கத்தில் லீவுக் கணக்கு. இதில்தான் நாங்கள் முதலில் சறுக்கினோம். பிள்ளையால் எடுத்த எல்லா லீவையும் ஒன்றாகப் போட்டோம், முதலாளி உடனே "காய்ச்சல் வந்தா நான் காசு குடுத்தா நிக்குமா?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. அதனால் பிள்ளைக்குச் சுகமில்லாமல் எடுத்த லீவு வேறு, பார்க்க ஆள் இல்லாமல் எடுத்த லீவு வேறு என்று பிரித்து எழுதுங்கள். பிந்தி வந்த நாள், நேரத்துக்கு முன்பே வீட்டுக்குப் போன நாள், பிள்ளையால் வேலையை விட்டே நின்றுபோனவர்கள் எல்லாம் இரண்டாவது கணக்கில் வரும். துணி பார்க்கத் தெரிந்த, வாடிக்கையாளரின் முகம் தெரிந்த ஒரு பெண் நின்றுபோனால் புதிதாக வருகிறவளுக்குப் பழக எத்தனை மாதம் ஆகும் என்பது முதலாளிக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் எண்ணிக்கையை மட்டும் வைத்தால் போதும், விலையை அவரே போட்டுக்கொள்வார்.

சரி, என்ன கேட்பது? கடைக்குள்ளேயே ஒரு காம்பரா கட்டித் தாருங்கள் என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சின்னக் கடைக்கு அது முடியாத காரியம். மாதம் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கேளுங்கள், அல்லது பிள்ளையை விடுகிற நேர்சரிக்கோ பார்த்துக்கொள்கிற அக்காவுக்கோ பாதிக் காசை நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள். இரண்டாவது முறையில், காசு பிள்ளைக்குத்தான் போகிறது என்ற நம்பிக்கை முதலாளிக்கு வரும், பற்றுச்சீட்டும் கையில் இருக்கும். உங்கள் கடையில் இரண்டே பிள்ளைகள் என்றால் பக்கத்துக் கடைகளையும் சேருங்கள். ஒரே வீதியில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு அறை வாடகையும் வேலையை விட்டு ஓய்ந்த ஒரு ஆயம்மாவின் சம்பளமும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பெரிய சுமை வராது. இன்னொரு வழியும் இருக்கிறது. நம்மில் பலர் இன்னும் தோட்டத்து லயத்தில்தான் (வரிசை வீடுகளில்) இருக்கிறோம், ஆனால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பதிவில், நம் பேர் இல்லை. பிள்ளைக்காம்பராவில் இடம் இருந்தால், டவுன் முதலாளி மாதம் ஒரு தொகை கட்ட, நம் பிள்ளையையும் அங்கே சேர்க்க முடியுமா என்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரை அழைத்துக்கொண்டு போய்த் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) கேளுங்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன காலத்தில் அமைத்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் இந்தக் காம்பராக்களின் விஷயத்தில் இருக்கிறது, அங்கேயும் ஒரு கடிதம் போடலாம்.

கார்மண்டில் இருப்பவர்களுக்குக் கையில் இன்னொரு பிடி உண்டு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள அம்மாவுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளையை விட இடம் செய்து கொடுத்திருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அதாவது, இடம் செய்து கொடுக்கிற நிர்வாகத்துக்கு ஒரு அம்மாவின் பெயரில் நாளுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சமாகிறது. இந்தக் கணக்கை எச்ஆர் மேடத்தின் முன்னால் அமைதியாக வையுங்கள். ஆனால் இடைவேளை வேறு, பிள்ளை பார்க்கிற காசு வேறு. முதலாவது சட்டம் தந்தது, இரண்டாவது நாம் பேசி வாங்க வேண்டியது. இரண்டையும் குழப்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். இடைவேளையே கிடைக்கவில்லை என்றால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்குப் போங்கள்.

கடிதத்தில் அப்பாக்களும் கையெழுத்துப் போட வேண்டும், இதை நான் மிக முக்கியமாகச் சொல்கிறேன். பெண்கள் மட்டும் கேட்டால், "இனிமேல் கல்யாணம் ஆன பொம்பளைப் பிள்ளைகளை எடுக்க வேணாம்" என்றுதான் சில முதலாளிகளுக்குத் தோன்றும், நம் தங்கச்சிமார்களின் வேலைக்கு நாமே உலை வைத்த மாதிரி ஆகிவிடும். ஸ்டோர் ரூமில் மூட்டை தூக்குகிற தம்பிக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது, காசு அவனுக்கும் சேர வேண்டும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி எழுதலாம்: "ஐயா, எங்கள் ஒன்பது பேருக்கும் சேர்த்து ஐந்து வயதுக்குக் கீழ் ஆறு பிள்ளைகள். பார்க்க ஆள் இல்லாமல் கடந்த மூன்று மாதத்தில் இத்தனை நாள் வேலை விடுபட்டது. ஒரு பிள்ளைக்கு மாதம் 4000 ரூபா உதவினால் ஒழுங்காக வர முடியும். மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்." தீபாவளிக் கூட்டத்திலும் நுவரெலியா ஏப்ரல் சீசனிலும் கொடுக்காதீர்கள், கழுத்தில் கத்தி வைத்த மாதிரித் தெரியும். சீசன் முடிந்து கணக்குப் பார்த்து, முதலாளி நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கிற ஒரு பகலில் இரண்டு பேர் போங்கள். முதலாளி அம்மா கடைக்கு வருகிறவர் என்றால் அவரும் இருக்கும்போது பேசுங்கள்.

எங்களுக்கு 4000 கேட்டு 2500 கிடைத்தது, அதுவும் மூன்று மாதத்துக்கு. அந்த மூன்று மாதமும் லீவுக் கொப்பியை விடாமல் எழுதினோம், முடிந்த நாள் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் விரித்து மேசையில் வைத்தோம். தொகையைக் கூட்டவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. அப்புறம் அதைச் சம்பளச் சீட்டில் தனி வரியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம். நீங்களும் கேளுங்கள், ஏனென்றால் வாய்ப்பேச்சாக விட்டால் நாளைக்கு முதலாளியின் மகன் கடையைப் பொறுப்பெடுக்கும்போது அப்படி ஒரு காசு கொடுத்ததே அவருக்குத் தெரிந்திருக்காது.